டிபேட் கோச் வேலை நிலைக்க பிஎச்.டி. வேண்டுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கம்யூனிகேஷன் எம்.ஏ. படித்துக்கொண்டே டிபேட் (விவாதப் போட்டி) அணிக்கு உதவி கோச்சாக இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: இதையே முழுநேர வேலையாக வைத்துக்கொள்ள ஆசை, பிஎச்.டி. கட்டாயமா? நானும் அந்த வழியில் வந்தவன்தான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேலை கிடைக்கப் பல இடங்களில் எம்.ஏ. போதும். ஆனால் வேலை நிலைக்குமா என்றால், பட்டத்தைப் பற்றி யோசிக்கும் முன் அந்தப் பதவி யாருடைய கணக்கில் வருகிறது என்று விசாரியுங்கள். டைரக்டர் ஆஃப் டிபேட் என்று ஒரே பெயர்தான் போட்டிருக்கும், ஆனால் ஓரிடத்தில் அது துறையின் டெனூர் டிராக் பேராசிரியர் பதவி (டெனூர் என்றால் நிரந்தரப் பணி, அதற்கு வழிவிடும் பதவி இது), இன்னோரிடத்தில் வருடா வருடம் புதுப்பிக்கும் விரிவுரையாளர் பதவி, வேறோரிடத்தில் மாணவர் நலப் பிரிவின் ஊழியர் பதவி. முதல் வகைக்கு பிஎச்.டி. இல்லாமல் போவது மிகக் கடினம். மற்ற இரண்டில் நீங்கள் டாக்டர் ஆகிவிட்டீர்கள் என்பதற்காக ஒப்பந்தம் தானாக மாறாது.

ஆனாலும் முடிந்தால் பிஎச்.டி. படியுங்கள் என்றுதான் சொல்வேன். ஏன்? பட்ஜெட் வெட்டு வரும்போது அணியின் பயணச் செலவில்தான் சீக்கிரம் கை வைப்பார்கள். எம்.ஏ.வோடு இருக்கும் கோச்சுக்கு அணிதான் வேலை, அணி போனால் வேலையும் போச்சு. டெனூர் வாங்கியவர் அதே துறையில் ரெட்டரிக் (பேச்சுக்கலை), ஆர்கியுமென்டேஷன் (வாதவியல்) வகுப்புகளை எடுத்துக்கொண்டு இருந்துவிடலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் பல வருடம் நல்ல அணிகளை உருவாக்கினார், டீன் மாறியதும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான், அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் டெனூர் டிராக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பேராசிரியர் சங்கமான ஏஏயுபியின் 1940 அறிக்கைப்படி தகுதிகாண் காலம் அதிகபட்சம் 7 ஆண்டு, வழக்கமாக ஆறாம் ஆண்டிலேயே உங்கள் கோப்பு டெனூர் கமிட்டிக்குப் போய்விடும். அவர்கள் தேடுவது ஆய்வுக் கட்டுரைகளை. அரசுக் கொள்கைகளை வைத்து வாதிடும் பாலிசி டிபேட்டில் வருடம் முழுக்க ஒரே தலைப்பு என்பதால் வாராவாரம் புதுச் சான்றுகள் தேட வேண்டும், செப்டம்பர் முதல் தேசிய டிபேட் போட்டியான என்டிடி முடியும்வரை வார இறுதிகள் போட்டிகளிலேயே கழியும், இவ்வளவு ஆராய்ச்சியும் கட்டுரையாக எண்ணப்படாது. கோச்சிங்கை எப்படி மதிப்பிடுவது என்று டிபேட் துறையினர் 1993இல் குவெயில் ரூஸ்ட் மாநாட்டில் கூடி வரையறைகள் எழுதினார்கள், ஆனாலும் முடிவு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில்தான். அதனால் சேரும்போதே கோச்சிங் கற்பித்தலாகக் கணக்காகுமா, சேவையாகவா, எத்தனை வகுப்பு குறைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், சொன்ன துறைத் தலைவர் அடுத்த வருடம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

படிப்பதென்றால் உதவித்தொகையோடு கோச்சிங் தரும் இடத்தில் படியுங்கள், ஆய்வேட்டைப் பாதியில் விட்டு டைரக்டர் வேலைக்குப் போகாதீர்கள், சீசன் ஆரம்பித்துவிட்டால் அந்த ஆய்வேட்டைத் திறக்கவே நேரம் இருக்காது. தலைப்பும் வாதவியலை ஒட்டியே இருக்கட்டும். அப்போதுதான் அணிக்காகப் படிப்பது ஆர்கியுமென்டேஷன் அண்ட் அட்வகசி மாதிரி இதழுக்கோ, யூட்டாவின் ஆல்டாவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் வாதவியல் மாநாட்டுக்கோ கட்டுரையாகும்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர்கள் கூடுதலாக இரண்டைக் கவனிக்க வேண்டும். கல்விப் பருவம் நடக்கும்போது வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான், போட்டிப் பயணத்தையும் அதில் எப்படிக் கணக்கிடுவார்கள் என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பிறகு, கிரீன் கார்டுக்காக வேலை தருபவர் தொழிலாளர் துறையிடம் போடும் பெர்ம் விண்ணப்பத்தில் கல்லூரி ஆசிரியர்களுக்கென்று ஒரு தனி நடைமுறை உண்டு, அதற்கு வகுப்பறையில் பாடம் எடுக்கும் பொறுப்பு இருந்தாக வேண்டும். கோச்சிங் மட்டும் உள்ள ஊழியர் பதவி அதில் வராது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வகுப்பையாவது பதவி விவரத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.