மளிகை லிஸ்ட்டில் தொடங்குங்கள்

ஆரோக்கியமாகச் சாப்பிட வேண்டும் என்று முடிவெடுக்கும் பெரும்பாலோர் அந்த முடிவைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துதான் எடுக்கிறார்கள். பசியோடு இருக்கும்போது, வாசனை மூக்கில் ஏறிய பிறகு, மன உறுதியை நம்பிப் பயனில்லை. வீட்டுக்குள் வந்த எண்ணெய் எப்படியும் தீரும். வந்த சர்க்கரையும் தீரும். அதனால் மாதத்தின் முதல் வாரம் மளிகை லிஸ்ட் எழுதும் பத்து நிமிடத்தில் கட்டுப்பாட்டை வைத்துவிட வேண்டும். மீதி 29 நாளும் தட்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

கணக்குக்கு அடிப்படை ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல். நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் அளவுகளில் நமக்கு முக்கியமானவை: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம். உப்பு 5 கிராமைத் தாண்டக் கூடாது. சர்க்கரைக்கு 25 கிராமை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். நான்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு 30 நாளால் பெருக்கினால் தானியம் 30 கிலோ, பருப்பு 10 கிலோ, எண்ணெய் மூன்றரை லிட்டர், சர்க்கரை 3 கிலோ, உப்பு 600 கிராம். பத்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் அரை ஆளாகக் கணக்கிடுங்கள்.

இந்த எண்களைப் போன மாத மளிகை பில்லோடு ஒப்பிட்டால் இரண்டு விஷயம் உடனே தெரியும். எண்ணெயும் உப்பும் அதிகமாக இருக்கும். பருப்பு பாதிகூட இருக்காது. எல்லாரும் முதல் பிரச்சினையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. பருப்பு குறையும் இடத்தை நம் வீடுகளில் சோறு நிரப்புகிறது. சாம்பாரில் ஒருவருக்குப் போய்ச் சேரும் துவரம் பருப்பு 20, 25 கிராம்தான். நான்கு இட்லியில் உளுந்து ஏறக்குறைய 17 கிராம். இரண்டும் சேர்ந்தாலும் 85-இல் பாதியைத்தான் தொடும்.

மீதியைக் கொண்டுவர இரண்டு வழி போதும். ஒன்று, மாலை நேரத்துக்குச் சுண்டல். ஆளுக்கு 30 கிராம் கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப்பயறு, மொச்சை என எதுவானாலும் சரி. இன்னொன்று, வாரத்தில் மூன்று நாள் இட்லி தோசைக்குப் பதில் அடை அல்லது பச்சைப்பயறு தோசை. அடைக்கு அரிசியும் பருப்பும் சரிபாதி போடுங்கள். துவரை, கடலை, உளுந்து மூன்றும் கலந்தால் ருசியும் மொறுமொறுப்பும் கூடும். அசைவம் சாப்பிடும் வீடுகளில் முட்டை, மீன், கோழி சமைக்கும் நாளில் பருப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவதற்குக் காரணம் வாயு. பருப்பிலும் பயறிலும் உள்ள சில சர்க்கரைப் பொருள்கள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் நொதிக்கின்றன. முழுக் கடலையை இரவு முழுவதும், குறைந்தது 8 மணி நேரம், ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். கடலை விரலால் அழுத்தினால் மாவாக மசிய வேண்டும். நடுவில் கட்டியாக நின்றால் வேக்காடு போதவில்லை. முதல் வாரம் 15 கிராமில் ஆரம்பித்து மூன்று வாரத்தில் 30-க்கு வந்தால் வயிறு பழகிவிடும். 10 கிலோ பருப்பை மொத்தமாக வாங்கும்போது வண்டு கவலையும் உண்டு. ஒரு முழு நாள் வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, பூஞ்சை வரும். மேலே நாலு காய்ந்த மிளகாய் போட்டு வைக்கலாம். தமிழ்நாட்டில் ரேஷன் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்காமல் விடாதீர்கள்.

எண்ணெய்க்கு வருவோம். மூன்றரை லிட்டர் என்பது நெய், வெண்ணெய், கடையில் வாங்கிச் சாப்பிடும் பஜ்ஜி, மிக்சர் எல்லாம் சேர்த்த எல்லை. அதனால் வீட்டுக்கு இரண்டரை லிட்டருக்கு மேல் எழுத வேண்டாம். லிட்டர் பாக்கெட்டை வெட்டி அப்படியே கடாயில் சாய்க்கும் பழக்கம் இருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை 600 மி.லி. எண்ணெயை ஒரு கண்ணாடி பாட்டிலில் அளந்து ஊற்றி வையுங்கள். அடுத்த ஞாயிறு வரை அதுதான். செவ்வாய்க்கிழமையே பாட்டில் பாதிக்குக் கீழே போயிருந்தால் எதில் போனது என்று சமைக்கிறவருக்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் தோசையில்தான். ஒரு தோசைக்கு ஒரு டீஸ்பூன் என்றால் மூன்று தோசைக்கு 15 மி.லி., அதாவது ஒருவருடைய நாள் கணக்கில் பாதி. தோசை ஒட்டுகிறது என்பதற்காகத்தான் எண்ணெய் கூடுகிறது. ஒட்டுவது கல்லின் சூட்டால். கல் சூடேறாவிட்டால் மாவு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் சூடாகிவிட்டால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று உடனே ஆவியாக வேண்டும். பிறகு தீயைக் குறைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் லேசாகத் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்துவிட்டு மாவை ஊற்றுங்கள். இரும்புக் கல்லைச் சோப்புப் போட்டுக் கரகரவென்று தேய்க்காமல் துடைத்து வைத்தால் நான்கு தோசைக்கு ஒரு டீஸ்பூன் போதும். பொரியலுக்கு நான்கு பேருக்கு இரண்டு டீஸ்பூனில் தாளித்து, கைத்தண்ணீர் தெளித்து மூடி வைத்து வேகவிடலாம். கத்தரிக்காய் மட்டும் எண்ணெயைக் குடிக்கும். அதை ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுத்துவிட்டு வதக்குங்கள்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். ஹோட்டல்களுக்கு 2018 ஜூலை முதல் இதற்குச் சட்டப்படி வரம்பு இருக்கிறது. எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, கெட்டியாகி, பொரிக்கும்போது நுரை பொங்கினால் அது கெட்ட எண்ணெய். ஒரு தடவை அப்பளம் பொரித்த எண்ணெயை வடிகட்டி இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள். கொஞ்சமாகப் பொரிக்கச் சின்ன இரும்புக் கடாய் வாங்கி வைத்தால் எண்ணெய் மிஞ்சும் பிரச்சினையே குறையும்.

உப்புதான் கடினமானது. 600 கிராமில் ஊறுகாய், அப்பளம், பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் அடக்கம். அவற்றுக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் நான்கு பேர் சமையலுக்கு நாளுக்கு 15 கிராம்தான் நிற்கும். தூள் உப்பில் தலை தட்டிய டீஸ்பூனால் இரண்டரை. அதற்குள் சட்னி, சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் அடங்க வேண்டும். சோற்றுக்கு உப்புப் போடாமல் வடிக்கும் பழக்கம் இந்தக் கணக்கில் நமக்குப் பெரிய உதவி. இட்லி மாவைப் பாருங்கள்: ஒரு கிலோ அரிசிக்கு 25 கிராம் உப்புப் போட்டு 60 இட்லி வந்தால், நான்கு இட்லியிலேயே ஒன்றரை கிராமுக்கு மேல் போய்விடுகிறது. 15 கிராம் போட்டால் ஒரு கிராமாகும்; சட்னியோடு சாப்பிடும்போது வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் உப்புக் குறைந்த மாவு சீக்கிரம் புளிக்கும். கோடையில் பொங்கியதும் உடனே ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் வீட்டில் எல்லாரும் ஊறுகாய் பாட்டிலைத் தேடுவார்கள். குறைத்த உப்பு அதில் திரும்பி வந்துவிடும். வாரத்துக்கு ஒரு பங்கு, பத்தில் ஒன்று என்ற அளவில் இறக்குங்கள். நாக்கு பழகச் சில வாரம் பிடிக்கும். ரசத்தில் மிளகு சீரகத்தைக் கூட்டி, பொரியலில் இறக்கும் நேரத்தில் எலுமிச்சை பிழிந்தால் உப்பின் குறை அவ்வளவு தெரியாது. உப்பையும் கடைசியில் போடுங்கள். நாக்கில் நேராகப் படும் உப்பு குறைவாக இருந்தாலும் ருசிக்கும். பாக்கெட் பண்டங்களில் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

இந்துப்பு, கல்லுப்பு, தூளுப்பு எல்லாவற்றிலும் பெரும்பகுதி ஒரே சோடியம் குளோரைடுதான். எது வாங்கினாலும் அயோடின் சேர்த்ததா என்று பாருங்கள். சர்க்கரைக்கும் இதே கதை. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றும் அந்த 25 கிராமுக்குள் வர வேண்டியவை. 250 மி.லி. கோலா ஒன்றே ஏறக்குறைய அந்த நாளின் கணக்கை முடித்துவிடும். காபியில் பத்து நாளுக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்து வந்தால், லிஸ்ட்டில் ஒன்றரை கிலோ என்று எழுதுவது மூன்றாவது மாதத்தில் தானாக நடக்கும்.

சோடியம் குறைத்த உப்பு என்று கடைகளில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் சாதாரண அயோடின் உப்பையே வாங்கி, அளவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.