பேச்சு மன்றப் பொறுப்பாளர்களுக்கு ஒரு சனிக்கிழமைப் பயிற்சி

ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் வைக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் (மேடைப்பேச்சு பழக்கும் உலகளாவிய அமைப்பு) மன்றங்களில் மே மாத முதல் கூட்டத்தில் தேர்தல் நடக்கும்; ஜூலை 1ஆம் தேதி புதியவர்கள் பொறுப்பேற்பார்கள். நடுவில் கிடைப்பது எட்டு வாரம். பதவியேற்பு விழா மண்டபத்துக்கும் பொன்னாடைக்கும் நம் மன்றங்கள் அலைகிற அலைச்சலில் பாதியைப் பயிற்சிக்குக் கொடுத்தாலே ஆகஸ்ட்டில் மன்றம் தள்ளாடாது. பயிற்சி வைக்கிற மன்றங்களும்கூட, ஏழு பதவிகளின் கடமைகளை ஸ்லைடு போட்டு வாசித்துவிட்டு, ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுகின்றன. கடமைப் பட்டியல் கையேட்டிலேயே இருக்கிறது. மண்டபச் சாவி யாரிடம், யாருடைய சந்தா பாக்கி, ஜூலை இரண்டாவது கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டவர் யார் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை. பழையவரும் புதியவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஜூலை, ஆகஸ்ட் மாத வேலைகளை அங்கேயே செய்து பார்க்க வேண்டும். பயிற்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் மாதிரி ஊரில் முதல் சிக்கல் நாள் பார்ப்பது. கெடாவில் பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. பாலம் தாண்டிப் பினாங்குக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனி, ஞாயிறு. இரு தரப்புக்கும் பொதுவாக மிஞ்சுவது சனிக்கிழமை மட்டுமே. அதிலும் கூலிம் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவர்கள் பாதிச் சனிக்கிழமைகளில் வர முடியாது. ஆகவே தேதியை அறிவித்துவிட்டு ஆள் தேடாதீர்கள். ஏழு பேரின் ஷிப்ட் அட்டவணையையும் முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு தேதி வையுங்கள். நைட் ஷிப்ட் முடித்தவர் காலையில் தூங்க வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வேலைக்குப் போக வேண்டிய டீச்சர் மாலை ஆறுக்குள் வீடு திரும்ப வேண்டும். பிற்பகல் இரண்டு முதல் ஐந்தரை வரை என்றால் இருவருக்கும் ஒத்துவரும். பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) வைத்தால் மைக் கட்டாயம். நான்கு மணி மழை தகரக் கூரையில் இறங்கினால் அடுத்த மேசையில் பேசுவதுகூடக் கேட்காது.

பதவிக்கு ஒன்றாக ஏழு பெரிய பழுப்பு உறைகள் வாங்கிக்கொள்ளுங்கள். பதவி விலகுபவர் தன் பதவிக்குரிய பொருள், தாள், கடவுச்சொல், தொடர்பு எண் எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொண்டு வர வேண்டும். "வீட்டுல இருக்கு, அப்புறம் தரேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள். அப்படிச் சொன்ன முத்திரையும் ரசீதுப் புத்தகமும் தீபாவளி தாண்டியும் வராது. எது வரவில்லையோ அதைத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் தேதி போட வேண்டும். சங்கடமான வேலைதான். ஆனால் நம் சங்கங்களில் பாதிச் சண்டை கைமாறாத பொருளிலிருந்து கிளம்புகிறது.

மூன்றரை மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தைக் கல்வித் துணைத் தலைவருக்கே ஒதுக்கலாம். மற்றவர்கள் பொறாமைப்பட்டாலும் பரவாயில்லை. கூட்டம் நன்றாக நடப்பதும் சொதப்புவதும் இவருடைய அட்டவணையில்தான் இருக்கிறது. அடுத்த எட்டு வாரக் கூட்டங்களுக்கான தாளை மேசையில் விரித்து, மூன்று கூட்டங்களுக்காவது பேச்சாளர், மதிப்பீட்டாளர், நெறியாளர், நேரக் காப்பாளர் எல்லாருடைய பெயரையும் அன்றே நிரப்ப வேண்டும். பெயர் எழுதியதும் அந்த உறுப்பினருக்கு அங்கிருந்தே அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் "யார் பேசுறீங்க?" என்று போட்டால் பதினைந்து பேர் பார்ப்பார்கள், ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். பெயர் சொல்லி, தேதி சொல்லி நேரில் கேட்டால் மறுப்பவர் குறைவு.

அடுத்த ஒத்திகை, ஆள் வராத கூட்டம். நிரப்பிய நிரல் ஒன்றைக் கையில் கொடுத்து, "ஓவர்டைம் போட்டுட்டாங்க, வர முடியல" என்று மூன்று பேர் சொன்னதாக வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் அதை மாற்றி எழுதச் சொல்லுங்கள். புதியவர்கள் தடுமாறுவது, எந்தப் பணியை எதோடு சேர்க்கலாம் என்பதில். இலக்கணம் கவனிப்பவரும் "ஆ", "வந்து" போன்ற இடைச்சொற்களை எண்ணுபவரும் ஒரே ஆளாக இருக்கலாம். கூட்டத்தை வழிநடத்தும் நெறியாளரே, தலைப்பை அங்கேயே கொடுத்துப் பேச வைக்கும் திடீர்ப் பேச்சுப் பகுதியையும் நடத்தலாம். நேரக் காப்பாளரை மட்டும் மதிப்பீட்டாளர் ஆக்கவே கூடாது. குறிப்பு எழுதக் குனிந்தவர் நேரம் காட்டும் விளக்கைப் போட மறப்பார். பேச்சாளர் ஒன்பது நிமிடம் பேசிவிட்டு உட்காருவார். பிறகு எல்லாமே தாமதம். இரண்டு பேச்சாளர்களும் வராமல் போனால் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டாம். திடீர்ப் பேச்சை நீட்டி, ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் மதிப்பீடு சொல்ல ஆள் வைத்தால் அது முழுக் கூட்டத்துக்குச் சமம்.

நேர விளக்குக்கும் ஒரு சுற்று ஒத்திகை வேண்டும். வழக்கமான பேச்சு 5 முதல் 7 நிமிடம்: ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. திடீர்ப் பேச்சுக்கு 1, 1½, 2 நிமிடம். மதிப்பீட்டுக்கு 2, 2½, 3. முன்னும் பின்னும் 30 விநாடி சலுகை உண்டு. அடிக்கடி தவறுவது புதிய உறுப்பினரின் முதல் பேச்சில். அதற்கு 4 முதல் 6 நிமிடம்தான். பழக்க தோஷத்தில் ஐந்தில் பச்சை காட்டிவிடுவார்கள். நிரல் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிமிடத்தை அச்சிட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது. அந்தத் தாளைத் தயாரிப்பவர் கல்வித் துணைத் தலைவர் என்பதால், பிழை வந்தாலும் அவர் பொறுப்புதான்.

டோஸ்ட்மாஸ்டர்ஸின் பாத்வேஸ் என்ற இணையப் பாடத்தில் உறுப்பினர் ஒரு நிலையை முடித்தால், கல்வித் துணைத் தலைவரோ தலைவரோ செயலாளரோ உள்ளே போய் ஒப்புதல் தர வேண்டும். மூவராலும் முடியும் என்பதாலேயே யாரும் செய்யாமல் மாதக்கணக்கில் தேங்கும். யார் பார்ப்பது, எந்தக் கிழமை பார்ப்பது என்று அன்றே முடிவு செய்துவிடுங்கள். பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் சொந்த மின்னஞ்சல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கணக்குகள் எல்லாம் மின்னஞ்சலை வைத்துத்தான் ஓடுகின்றன. மகனுடைய மின்னஞ்சலில் சேர்ந்த மூத்த உறுப்பினர்கள் நம் ஊர்களில் நிறைய. மகன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனதோடு மன்றத்தின் கடிதங்களும் அங்கே போய்விடும்.

பொருளாளருக்கு முக்கால் மணி நேரம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் தலைமையகத்துக்குக் கட்டும் சந்தா ஆறு மாதத்துக்கு ஆளுக்கு 60 அமெரிக்க டாலர். புதிதாகச் சேர்பவருக்கு 20 டாலர் நுழைவுக் கட்டணம் தனி. புதுப்பிக்க வேண்டிய நாள்கள் அக்டோபர் 1, ஏப்ரல் 1. நாம் வசூலிப்பது மலேசிய வெள்ளியில் (ரிங்கிட்), கட்டுவது டாலரில். ஒரு டாலர் 4.20 வெள்ளி என்றால் ஆளுக்கு 252 வெள்ளி, 4.50 என்றால் 270. இருபது உறுப்பினர்களுக்கு 360 வெள்ளி வித்தியாசம், அதாவது பல மாத தேநீர்ச் செலவு. அன்றைய விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டித் தொகையை நிர்ணயித்து, மிச்சத்தை மன்றக் கணக்கில் வைப்பது பாதுகாப்பு. தலைவர் தன் சொந்தக் கிரெடிட் கார்டில் கட்டினால், வங்கி அறிக்கையில் வெள்ளியில் எவ்வளவு விழுந்ததோ அதையே திருப்பிக் கொடுக்க வேண்டும். கூகலில் பார்த்த மாற்று விலையில் கணக்கு முடித்தால் யாராவது ஒருவர் நட்டப்படுவார்.

பயிற்சியில் பொருளாளருக்கு ஒரு கணக்குக் கொடுங்கள்: உறுப்பினர் 18 பேர், செப்டம்பர் 20 வரை பணம் தந்தவர் 11 பேர். அடுத்து என்ன செய்வீர்கள்? எல்லாரிடமும் வாங்கி மொத்தமாகக் கட்டலாம் என்பதே வழக்கமாக வரும் பதில். அதுதான் மன்றங்களைக் கவிழ்க்கிறது. வந்த 11 பேருக்கு உடனே கட்டிவிட்டு, மீதிப் பேருக்குப் பிறகு கட்டலாம். தவணையாகக் கட்டத் தடையில்லை. மன்றம் நல்ல நிலையில் இருப்பதாகக் கருதப்பட, சந்தா கட்டியவர் குறைந்தது எட்டுப் பேர், அவர்களில் புதுப்பித்தவர் மூன்று பேராவது இருந்தால் போதும். தாமதமாகத் தருகிற ஏழு பேருக்காக நேரத்தில் தந்த 11 பேரைக் காத்திருக்க வைப்பதில் நியாயமும் இல்லை.

வங்கிக் கையொப்பம் மாற்றுவது மெதுவாக நகரும் வேலை. தேர்தல் நடந்த கூட்டத்தின் குறிப்பு, புதியவர்களின் அடையாள அட்டை, பழையவர்களின் கையொப்பம் என்று கேட்பார்கள். ஆகவே செயலாளர் கூட்டக் குறிப்பை ஒரு வாரத்தில் முடித்துத் தர வேண்டும். சங்கப் பதிவகத்தில் பதிந்த மன்றமானால், 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் அனுப்ப வேண்டும். புதிய பொறுப்பாளர் பட்டியலை ஜூன் 30க்குள் தலைமையகத் தளத்தில் ஏற்றுவதும் செயலாளர் வேலை. இந்த மூன்று வேலைக்கும் பயிற்சி மேசையிலேயே தேதி போட்டுவிட்டால் செயலாளர் பகுதி பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதற்கெல்லாம் நடுவே எந்தக் கையேடும் சொல்லாத ஒன்று, நம்மிடையே உள்ள வயதுக் கணக்கு. 24 வயதுப் பொருளாளர், தனக்கே பாடம் சொன்ன ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் சந்தா கேட்க வேண்டும். கேட்க மாட்டார். கேட்டாலும், "சார், உங்களுக்கு வசதிப்படும்போது..." என்று இழுப்பார். வசதி வராது. தேதியோடு கேட்கப் பழக்குங்கள்: "சார், அக்டோபர் சந்தா 270 வெள்ளி. வர்ற சனிக்கிழமை கூட்டத்துல வாங்கிக்கலாமா, இல்ல பேங்க் நம்பர் அனுப்பட்டுமா?" மரியாதை அப்படியே இருக்கிறது, தேதியும் விழுந்துவிட்டது. இதே மாதிரி, அண்ணன் ஒருவர் திடீர்ப் பேச்சில் நான்கு நிமிடம் தாண்டியும் நிறுத்தாதபோது கைதட்டிப் பேச்சை முடித்துவைப்பது, டீச்சரின் பேச்சை மதிப்பிடும்போது "எல்லாமே சிறப்பு" என்று நழுவாமல் ஒரே ஒரு திருத்தமாவது சொல்வது, இரண்டையும் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனதுக்குள் சொன்னது மேடையில் வராது.

அரங்கப் பொறுப்பாளரைப் பலர் நாற்காலி போடுகிறவர் என்று நினைக்கிறார்கள். அவர் வராவிட்டால் கதவே திறக்காது. தமிழ்ப்பள்ளி மண்டபமானால் தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதத்தின் நகல், காவலரின் கைப்பேசி எண், மாற்றுச் சாவி எங்கே என்ற விவரம், எல்லாம் அவர் உறையில் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு 45 நிமிடம் முன்னால் வந்து, 14 பேர் வருவார்கள் என்றால் 12 நாற்காலி போடுவார். பின்னால் இரண்டு கொண்டுவந்து போடும்போது மண்டபம் நிறைந்த மாதிரி இருக்கும். நாற்பது போட்டால் எல்லாரும் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள்.

உறுப்பினர் துணைத் தலைவருக்குப் பழக்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: வந்த விருந்தினரை இரண்டு நாளுக்குள் அழைப்பது. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வைக்காமல், அடுத்த கூட்டத்தில் நேரம் காட்டுகிறீர்களா என்று சின்ன வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும். மக்கள் தொடர்புத் துணைத் தலைவர் போஸ்டரில் எல்லாப் பொறுப்பாளர் படத்தையும் வட்டம் வட்டமாகப் போடுவதை விட்டுவிட்டு நாள், நேரம், இடம், தொடர்பு எண் நான்கையும் பெரிதாகப் போட்டால் போதும்.

தலைவருக்கு என்ன பயிற்சி? மற்ற ஆறு பேர் வேலையை எடுத்துச் செய்யாமல் இருக்கும் பயிற்சி. கோயில் கமிட்டியிலும் தலைவர், பள்ளி வாரியத்திலும் தலைவர் என்று பழகியவர்களுக்கு இது கடினம். 1924இல் கலிபோர்னியாவின் சாந்தா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி இளைஞர்களைக் கூட்டி மன்றம் தொடங்கியபோதே, பேசக் கற்பதோடு கூட்டம் நடத்தக் கற்பதும் நோக்கமாக இருந்தது. தலைவரே எல்லாம் செய்தால் ஆறு பேருக்கு அந்தப் படிப்பு கிடைக்காது. செயற்குழுக் கூட்டத்தை 40 நிமிடத்தில் நடத்தச் சொல்லி ஒத்திகை பாருங்கள். ஒவ்வொரு விஷயமும் யார், எந்தத் தேதிக்குள் என்ற இரண்டோடு முடிகிறதா என்று ஒருவர் குறித்துக்கொண்டே வரட்டும். "பார்த்துக்கலாம்" என்று முடிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு.

இந்த உள்ளூர்ப் பயிற்சி, டோஸ்ட்மாஸ்டர்ஸ் மாவட்டம் (பல மன்றங்கள் சேர்ந்த பிரிவு) நடத்தும் அதிகாரபூர்வப் பயிற்சிக்கு மாற்று ஆகாது. தலைமையகம் மன்றத்துக்கு ஆண்டுதோறும் வைக்கும் பத்து இலக்குகளில் ஒன்று அது: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒருமுறை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒருமுறை, இரண்டிலும் ஏழு பேரில் குறைந்தது நான்கு பேர் கலந்திருக்க வேண்டும். முதல் சுற்றில் ஏழு பேரும் போய்விட்டு இரண்டாவதில் மூன்று பேர் போனால் இலக்கு தவறியது தவறியதுதான். அந்தப் பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தால், நம்மவர்களில் சிலர் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். உள்ளூர்ப் பயிற்சியை அதற்கு முந்திய வாரம் வைத்தால், கேட்க வேண்டிய கேள்வியோடு போவார்கள். இரண்டாம் சுற்றை டிசம்பர் முதல் பாதியில் முடித்துவிடுவது நல்லது. ஜனவரி பிறந்தால் பொங்கல், பிறகு தைப்பூசக் காவடி விரதம் என்று ஆள்கள் கையில் சிக்க மாட்டார்கள். அன்றைக்கு உறைகளையும் மறுபடி கொண்டுவரச் சொல்லுங்கள். ஜூனில் தேதி போட்ட தாளை எடுத்து, இன்னும் வராத பொருளுக்கு அங்கிருந்தே போன் போடலாம்.