லிங்க்ட் சர்வர் லேப் டெஸ்ட்: ரெண்டாவது தடவைல ஒருவழியா பாஸ்

நேத்து சாயந்திரம் ரிசல்ட், 71. போன தடவை 38 வாங்கி ஊத்திக்கிட்ட அதே ஆள்தான் எழுதுறேன். லிங்க்ட் சர்வர்னா ஒரு டேட்டாபேஸ் சர்வர்ல இருந்துக்கிட்டே இன்னொரு சர்வர்ல இருக்குற டேபிளையும் குவரி பண்ற ஏற்பாடு. டெஸ்ட் பேட்டர்ன் மூணு எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸ்), 90 நிமிஷம், அவ்ளோதான்.

மொத தடவை எங்க சறுக்குனேன்னா, பில்லிங் ஒரு சர்வர்ல, ஸ்டாக் இன்னொரு சர்வர்ல, நான் பாட்டுக்கு சர்வர் பேரு டேட்டாபேஸ் ஸ்கீமா டேபிள்னு நாலு பார்ட்டையும் போட்டு ஜாயின் அடிச்சு ஐட்டம் கோடுல ஃபில்டர் வெச்சேன், குவரி சுத்துது சுத்துது, 11 நிமிஷம் ஆச்சு, நெட்வொர்க் மேல பழியப் போட்டு உக்காந்திருந்தேன். வீட்டுக்கு வந்து யோசிச்சாதான் புரிஞ்சுது, ரெண்டு சர்வருக்கும் கொலேஷன் (எழுத்துகளை எப்படி ஒப்பிடணும், வரிசைப்படுத்தணும்ங்கிற விதி) வேற வேற. அப்படி இருந்தா எழுத்து காலம் (டேபிளோட நெடுவரிசை) கம்பேரிசனை அந்தப் பக்கம் அனுப்பாம, டேபிளையே இங்க இழுத்துட்டு வந்து இங்க ஃபில்டர் பண்ணும். (ரெண்டும் ஒரே கொலேஷன்தான்னு சர்வர்கிட்ட சொல்ற கொலேஷன் கம்பேட்டிபிள்னு ஒரு ஆப்ஷன் இருக்கேன்னு அதைத் தட்டி விடாதீங்க, நிஜமாவே ஒரே கொலேஷனா இல்லன்னா ஆன்சரே தப்பா வரலாம்.)

அதனால இந்த தடவை ஒவ்வொரு கேள்விக்கும் எக்ஸிக்யூஷன் பிளானைத்தான் (குவரியை சர்வர் எந்த வழில ஓட்டுதுன்னு காட்டுறது) மொதல்ல தொறந்தேன். ரிமோட் குவரின்னு ஒரு ஆபரேட்டர் வரும், ப்ராப்பர்ட்டீஸ்ல அந்த சர்வருக்கு என்ன குவரி போகுதுன்னு அப்படியே இருக்கும். அதுல உங்க WHERE கண்டிஷன் (ஃபில்டர்) இல்லையா, போச்சு. உடனே ஓபன்குவரிக்கு மாறிடுங்க, உள்ள எழுதுறது அங்கயே ஓடி ரிசல்ட் மட்டும்தான் வரும். எனக்குப் பொறுமை கம்மி, ஆப்டிமைசர் (குவரிக்கு நல்ல வழியை சர்வருக்குள்ள தேடுற பகுதி) பாத்துக்கும்னு காத்திருக்க முடியாது, ஆறு கேள்வில அஞ்சுக்கு இதான்.

மத்ததெல்லாம் சட்டுசட்டுனு:

- ஓபன்குவரிக்குள்ள வேரியபிள் போகாது. டைனமிக் எஸ்க்யூஎல்னு (குவரியையே ஸ்ட்ரிங்கா ஒட்டி ஓட்டுறது) போனா சிங்கிள் கோட் (') நாலு நாலா பெருகும், எண்ணியே கண்ணு போயிடும்.
- அதுக்குப் பதிலா எக்ஸெக் அட் (EXEC ... AT, குவரியை அந்த சர்வர்லயே ஓட்டுற கமாண்ட்). கேள்விக்குறி போட்டு வேல்யூவைத் தனியா குடுக்கலாம். லிங்க்ட் சர்வர் செட்டிங்ல ஆர்பிசி அவுட் (அந்த சர்வர்ல இப்படி கமாண்ட் ஓட்ட அனுமதி) ஆன்ல இருக்கணும்.
- அந்த எக்ஸெக்கை இன்சர்ட்டோட சேத்தா டிஸ்ட்ரிபியூட்டட் ட்ரான்சாக்ஷனா (ரெண்டு சர்வரும் சேந்து முடிக்க வேண்டிய ட்ரான்சாக்ஷன்) மாறி 7391 எரர் அடிக்கும், எம்எஸ்டிடிசி (அதை ஒருங்கிணைக்கிற விண்டோஸ் சர்வீஸ்) சரியா இல்லன்னா.
- அனானிமஸ் லாகான்னு லாகின் ஃபெயில் ஆச்சுன்னா பாஸ்வேர்டை நோண்டாதீங்க, அது டபுள் ஹாப். கெர்பரோஸ் டெலிகேஷன் (உங்க லாகினை மொத சர்வர் அடுத்த சர்வருக்கு எடுத்துட்டுப் போற அனுமதி) இல்லன்னா விண்டோஸ் லாகின் ரெண்டாவது சர்வருக்குத் தாண்டாது, லிங்க்ட் சர்வர்ல எஸ்க்யூஎல் லாகினை மேப் பண்ணுங்க.

எம்எஸ்டிடிசி கேள்வியை நான் தொடவே இல்ல. 15 மார்க்கு, போனா போகட்டும்னு விட்டுட்டேன்.