கால் குடைச்சலும் குறட்டையும் ஒரே ஆளுக்கு வந்தால்

பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். நாளெல்லாம் நின்றே இருப்பதால் கால் குடைகிறது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ஆனால் நிற்கும்போது ஒன்றுமில்லை, படுத்தால்தான் ஆரம்பிக்கும். கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும், ஆட்டாமல் இருக்கவே முடியாது. இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயராம், அது பிற்பாடுதான் தெரிந்தது. எழுந்து வாசலில் நாலு நடை போனால் விட்டுவிடும், படுத்தால் மறுபடியும் அதே கதை. சேரன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனால், பெர்த்துக்குக் காசு கொடுத்துவிட்டு ஈரோடு முதல் சேலம் வரை கதவோரமாக உலாத்திக்கொண்டிருப்பேன்.

தூக்கமில்லை என்று ஒரு டாக்டரிடம் போனேன். குளோனாசிபாம் என்கிற தூக்கம் வரவைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். கால் அடங்கியது, நன்றாகவே அசந்தேன். ஆனால் காலையில் தலைவலி, மதியம் பாவு பிணைக்கும்போதே கண் சொருகும். வீட்டுக்காரிதான் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "ஏனுங்க, நீங்க தூங்கறீங்க, எனக்குத்தானுங்க தூக்கம் போச்சு. குறட்டை நிக்கறப்ப மூச்சும் சேந்து நின்னு போகுதுங்க. தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருக்குது."

அப்புறம் கோவையில், தூக்கக் கோளாறு பார்க்கிற நுரையீரல் டாக்டரிடம் போனோம். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள். மணிக்குச் சராசரியாக 34 முறை மூச்சு நிற்கவோ குறையவோ செய்கிறதாம், இதை ஸ்லீப் ஆப்னியா என்றார்கள். 5-க்குக் கீழ் இருந்தால் பிரச்சினையில்லை, 30-ஐத் தாண்டினால் தீவிரம். குளோனாசிபாம் மாதிரி மாத்திரைகள் தொண்டைத் தசையைத் தளர்த்திவிடும். மூச்சு அடைக்கும்போது மூளை விழித்துக்கொள்வதையும் தாமதமாக்கும். கால் குடைச்சலை அடக்கிய அதே மாத்திரை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறது! திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

அவர் கேட்ட இன்னொரு விஷயம், மருந்துக்கடையில் நாமாக வாங்கிப் போடுவது உட்பட எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொன்னது. பஞ்சுத் தூசிக்கு மூக்கு ஒழுகும், அதற்கு ஏவில் என்கிற அலர்ஜி மாத்திரை போடுவது தறிக்காரர்களுக்குப் பழக்கம். அந்த ரக மாத்திரை கால் குடைச்சலைக் கிளப்பிவிடும் என்றார். மூக்குக்கு ஸ்ப்ரே கொடுத்துவிட்டு அதை நிறுத்தினார். அந்த ஒன்றிலேயே பாதி வித்தியாசம் தெரிந்தது.

மீதிக்கு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் சரியாகத்தான் இருந்தது. உடம்பில் இருப்பு வைத்திருக்கும் இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் மட்டும் 24. ரிப்போர்ட்டில் அது நார்மல் என்றே அச்சாகியிருந்தது. ஆனால் இந்தக் கால் குடைச்சல் நோய்க்காரர்களுக்கு 75-க்குக் கீழ் இருந்தாலே இரும்பு கொடுப்பார்களாம். மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு போடச் சொன்னார். முன்னும் பின்னும் டீ, காபி கூடாது. விடிந்ததும் டீ இல்லாமல் இருப்பதுதான் மருந்தைவிடக் கசப்பாக இருந்தது.

மூச்சுக்கு சிபாப் மெஷின், தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்கிற கருவி. முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினோம். தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவனுக்கு மெஷின் சத்தம் ஒரு பொருட்டில்லை. மாஸ்க்தான் பாடு. மூக்கை மட்டும் மூடுகிற ரகத்தில் வாய் திறந்து காற்று போய்விட்டது, வாயையும் சேர்த்து மூடுகிறதற்கு மாறினேன். கரண்ட் போனால் என்ன செய்வது என்று இன்வெர்ட்டரோடு இணைத்தோம். ஆனால் கால் குடைந்தால் நடுராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து போய்விடுவேன். இரண்டையும் தனித்தனி டாக்டர் பார்த்திருந்தால் இந்தச் சிக்கல் யாருக்கும் தெரிந்திருக்காது.

இரும்பு ஏற மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இடையில் கால் குடைச்சலுக்குக் குறைந்த அளவில் ப்ரீகாபலின் என்கிற நரம்பு மருந்து கொடுத்தார், ராத்திரி படுக்கப் போவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கூடவே கண்டிப்பும்: மாஸ்க் இல்லாமல் தூங்கக் கூடாது, சாராய வாடையே ஆகாது, வேறு தூக்க மாத்திரை சேர்க்கக் கூடாது, சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். எடையும் கூட்டக்கூடிய மருந்து, எடை கூடினால் குறட்டை கூடும். அதனால் சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் நடக்கிறேன்.

கால் குடைச்சலுக்குக் கொடுக்கிற இன்னொரு மருந்தான பிரமிபெக்ஸோல் கொடுக்கலாமே என்று கேட்டேன், என் அத்தை அதைத்தான் போடுகிறார். அவருக்கு ஆரம்பத்தில் அருமையாகக் கேட்டது; இப்போது மதியமே குடைச்சல் ஆரம்பித்து கைக்கும் வந்துவிட்டது. அந்த மருந்தே நாளாக நாளாக அப்படிச் செய்யுமாம், அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகுமாம். அத்தையையும் அங்கே கூட்டிப் போகிறேன். எனக்கு அடுத்த ஃபெரிட்டின் பார்த்த பிறகுதான் ப்ரீகாபலினைக் குறைப்பதா என்று சொல்வார்கள்.