டாக்டரிடம் போனில் விஷயத்தைச் சொல்லப் பழகியது

இங்கிலாந்துக்கு வேலைக்கு வரும் நம் ஊர் நர்ஸுகள் பலர் பயப்படுவது ஓஇடி தேர்வுக்கு, அதாவது மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வுக்கு. பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல் ப்ளே. ஒவ்வொன்றுக்கும் அட்டையைப் படிக்க 3 நிமிடம், பேச 5 நிமிடம். 'பி' கிரேடு வாங்கிவிட்டால் போதும் என்றிருந்தேன், வாங்கியும் விட்டேன். ஆனால் அந்தத் தேர்வில் நம்மோடு பேசுபவர் நோயாளியாகவோ உறவினராகவோதான் நடிப்பார். நடு ராத்திரியில் டாக்டரைப் போனில் பிடித்து வார்டுக்கு வரவழைப்பதற்கு அதில் பயிற்சி கிடையாது. வந்த புதிதில் என்னைத் திணறடித்தது அதுதான்.

இங்கே இரவில் ஒரே ஆன்-கால் டாக்டர் பல வார்டுகளைப் பார்ப்பார். பிளீப் (டாக்டர் கையில் இருக்கும் பேஜர்) அடித்துவிட்டுப் போன் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அவர் திரும்பக் கூப்பிடுவார். பெரும்பாலும் ஏதோ ஒரு வராண்டாவில் நடந்துகொண்டேதான் பேசுவார். நான் வயது, என்றைக்கு அட்மிஷன், என்ன ஆபரேஷன், சாயங்காலம் எப்படி இருந்தார், என்ன மாத்திரை ஓடுகிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவேன். காய்ச்சலுக்கும் மூச்சுக்கும் வந்து சேர்வதற்குள், "ஓகே... ஸோ, வாட் டூ யூ நீட் ஃப்ரம் மீ?" என்று கேள்வி வரும். என் இலக்கணம் சரியாகத்தான் இருந்தது, உச்சரிப்பும் அவருக்குப் புரிந்தது. எதற்குக் கூப்பிட்டேன் என்பது மட்டும் புரியவில்லை.

இதைக் கவனித்த மலையாளி சேச்சி ஒருவர், வார்டில் சீனியர், ஒரு நாள் நேராகவே கேட்டார். "மோளே, டாக்டர் வரணுமா, மருந்து மாத்தணுமா, சும்மா தெரிஞ்சுக்கிட்டா போதுமா? அதை முதல்ல உன் மனசுல முடிவு பண்ணு. அப்புறம் போனை எடு."

எஸ்பார் என்ற முறை எல்லா நர்ஸுக்கும் தெரியும்: இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்ய வேண்டும் என்கிறேன். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த பழக்கத்தைக் கைசர் பெர்மனென்டே என்ற அங்குள்ள மருத்துவ நிறுவனத்தினர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஊரிலும் வகுப்பில் படித்ததுதான். முதல் மூன்றும் எனக்குத் தடுமாறாமல் வரும். நான்காவதில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

காரணம் ஆங்கிலம் இல்லை என்பது என் அபிப்பிராயம். மதுரையில் வேலை பார்த்தபோது டாக்டரிடம் "வந்து பாருங்க" என்று நாங்கள் சொன்னதில்லை. "சார், பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு பெரியது என்பது எங்களோடு பழகிய டாக்டருக்குத் தெரியும், கிளம்பி வந்துவிடுவார். இங்கே இளம் டாக்டர்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாறுகிறார்கள். என் 'கொஞ்சம்' அவர்களுக்கு எப்படிப் பிடிபடும்?

அப்புறம் ஒரு வழி கண்டேன். கூப்பிடுவதற்கு முன் துண்டுச் சீட்டில் கடைசி வரியை முதலில் எழுதுவேன்: 'அரை மணிக்குள் வந்து பார்க்க வேண்டும்.' அதற்கு மேலே, அது ஏன் என்பதற்கு எண்கள். உதாரணத்துக்கு, இடுப்பு ஆபரேஷன் முடிந்த ஒரு பாட்டி. மூச்சு நிமிடத்துக்கு 22, ஆக்சிஜன் வைக்காமல் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94, மேல் ரத்த அழுத்தம் 104, நாடி 98, காய்ச்சல் 38.4, நினைவு தெளிவு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பதற வைக்காது. ஆனால் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் திருத்தி வெளியிட்ட நியூஸ் 2 கணக்கில் (நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்டும் மதிப்பெண் முறை) கூட்டினால் 6 வருகிறது. 5 வந்தாலே டாக்டர் அவசரமாகப் பார்க்க வேண்டும். ஐந்து எண்களையும் ஒப்பிப்பதை விட்டுவிட்டு, "ஷி இஸ் ஸ்கோரிங் சிக்ஸ், ஷி வாஸ் ஒன் அட் டென் ஓ க்ளாக். ஐ ஆம் வொரீட் அபவுட் செப்சிஸ். ஐ நீட் யூ டு சீ ஹெர் வித்தின் ஹாஃப் ஆன் அவர்" என்றால் போதும் (செப்சிஸ் என்பது கிருமித்தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை). மற்றதை அவரே கேட்பார். கேட்கும்போது சொல்லத் தயாராகச் சீட்டில் இருக்கும்.

'சாரி டு பாதர் யூ', 'ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங்' என்ற முன்னுரைகளையும் விட்டேன். அவை வெள்ளைக்காரர்கள் தினமும் பேசுவதுதான், தப்பில்லை. ஆனால் நான் சொன்னால் எனக்கே வேகம் குறைந்துவிடுகிறது. மரியாதைக்கு 'தேங்க் யூ' போதும். முதல் முறை இப்படிப் பேசியபோது உள்ளங்கை வியர்த்தது, திமிராகப் பேசிவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. அவரோ "யெஸ், ஆன் மை வே" என்று வைத்துவிட்டார்.

எப்போதும் அப்படி அமையாது. வேறு வார்டில் மாட்டிக்கொண்டிருந்தால் வர முடியாது என்பார்கள். அப்போது, "சரி, அப்படியானால் ரெஜிஸ்ட்ராரைக் கூப்பிடுகிறேன்" என்று அதே குரலில் சொல்லிவிடுகிறேன். ரெஜிஸ்ட்ரார் என்பவர் அவருக்கு மேலே உள்ள டாக்டர். நான் என்ன கேட்டேன், அவர் என்ன சொன்னார், மணி என்ன என்பதை உடனே கேஸ் நோட்டிலும் எழுதிவிடுவேன்.

நோயாளிகளிடம் மட்டும் இந்த வரிசையைக் கொண்டுபோவதில்லை. அவர்களிடம் முதலில் டீ வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.