டி டிரைவ்தான் வேலை வாங்கியது: பழைய லேப்டாப்பை விற்கத் தயார் செய்த அனுபவம்

லேப்டாப் அத்தானுடையது. மஸ்கட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் கொடுத்து, "ஒரு விலைக்குத் தள்ளிவிடு மாப்ள. உள்ள ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் டெலீட் பண்ணியாச்சு. விண்டோஸ் மட்டும் புதுசா போட்டா போதும்" என்று சொல்லியிருந்தார். 11ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் இருக்கும் 256 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே டி டிரைவாக 1 டிபி ஹார்ட் டிஸ்க். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கேட்டேன். விண்டோஸ் போட்டுத் தர ஒரு மணி நேரம் போதும் என்றார்கள். டி டிரைவை என்ன செய்வீர்கள் என்றதற்கு, "அத ஃபார்மேட் அடிச்சிரலாம்" என்று பதில் வந்தது. சரி, நாமே பார்ப்போம் என்று வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் டெலீட் செய்தது உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்க்க ஆசை. அத்தானிடம் கேட்டுக்கொண்டு, அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை டி டிரைவின் மேல் ஓடவிட்டேன். அது கோப்பின் பெயரைத் தேடுவதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஆரம்பத்தில் ஒரு அடையாளம் உண்டு, ஜேபெக் என்றால் ஒன்று, பிடிஎஃப் என்றால் வேறொன்று. தட்டு முழுக்க அந்த அடையாளத்தைத் தேடி அள்ளிக்கொண்டு வரும். அதனால் வருவதற்கெல்லாம் பெயர் கிடையாது, 'எஃப்' எழுத்தும் நீளமான ஒரு எண்ணும் மட்டும். அப்படிப் பெயரில்லாமல் வந்ததில் கல்யாண ஆல்பம் பாதி, ரெசிடென்ட் கார்டின் இரண்டு பக்கம், பாஸ்போர்ட் ஸ்கேன், சம்பளச் சீட்டுகள். ஒன்றை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது. "எம்மா... இது நான் எப்பவோ அழிச்சதுல்லா!"

அழித்தால் போவது அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான். குயிக் ஃபார்மேட்டும் கிட்டத்தட்ட அதே சங்கதி. மேலே வேறு ஏதாவது எழுதப்படும் வரை பழைய தரவு தட்டிலேயே கிடக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் அது சி டிரைவோடு நின்றுவிடும். 'ரீசெட் திஸ் பிசி' கொடுத்தாலும் விண்டோஸ் இருக்கும் டிரைவ் மட்டுமா, எல்லா டிரைவுமா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் முதலாவதை அமுக்கி விற்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அழிக்கும் முன்பு செய்தவை: அவருக்கு வேண்டிய படங்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பார்த்தேன், ஆகியிருந்தது. பவர்சிஎஃப்ஜி கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். வடிவமைப்புக் கொள்ளளவு 41,040 மில்லிவாட் மணி, இப்போது முழுதாகச் சார்ஜ் ஏறினால் 28,300. அதாவது ஏறக்குறைய 69 சதவீதம். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்வதைவிட இந்தப் பக்கத்தைக் காட்டி விலை பேசுவது எளிது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் 11தான் போட வேண்டும். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பது அதன் குறைந்தபட்சக் கணக்கு. இந்த மெஷினுக்கு அதில் சிக்கல் இல்லை. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஒரு 8 ஜிபி பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்தேன்.

டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரை வந்தது. பட்டியல் காலி. எஸ்எஸ்டியும் இல்லை, ஹார்ட் டிஸ்க்கும் இல்லை.

டிஸ்க் போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் இன்டெல்லின் விஎம்டி என்ற அமைப்பு டிஸ்க்குகளைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. அதற்கான டிரைவர் மென்பொருள் இன்ஸ்டால் பென்டிரைவில் இல்லாவிட்டால் விண்டோஸ் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையில், விஎம்டியை ஆஃப் செய்தால் உடனே தெரியும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் விற்கப்போகும் மெஷினில் எனக்கு அது பிடிக்கவில்லை. நாளைக்கு வாங்கியவர் யாரிடமாவது கொடுத்து பயாஸை டிஃபால்ட்டுக்கு மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போக வாய்ப்பு உண்டு. அதனால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து விஎம்டிக்கான 'ராபிட் ஸ்டோரேஜ்' டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டேன். 'லோட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டியதும் இரண்டு டிஸ்க்கும் வந்து நின்றன.

இனி அழிக்கும் வேலை. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு வழி, எஸ்எஸ்டிக்கு வேறு வழி.

ஹார்ட் டிஸ்க்குக்கு: அதே திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேர்த்து அமுக்கினால் கட்டளைத் திரை திறக்கும். அதில் அடிக்க வேண்டியவை: டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், கொள்ளளவைப் பார்த்து 1 டிபி டிஸ்க்கைத் தேர்வு, பிறகு 'கிளீன் ஆல்'. வெறும் 'கிளீன்' என்றால் பார்ட்டிஷன் விவரம் மட்டும் போகும். 'ஆல்' சேர்த்தால்தான் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதும். எவ்வளவு முடிந்தது என்று காட்டவே காட்டாது, கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். நொடிக்கு 100 எம்பி என்று வைத்தாலும் 1 டிபிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும் என்பதால் அதைவிடக் கூடவே இழுக்கும். நம்ம ஊரில் சாயங்காலம் மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 69 சதவீத பேட்டரியை நம்பி இதை அப்போது தொடங்க மனம் வரவில்லை. காலையில் தொடங்கிவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன்.

35 முறை மேலெழுத வேண்டும் என்று இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. அந்த 35 என்பது பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, அந்தக் காலத்து டிஸ்க்குகளின் எழுதும் முறைகளுக்காகச் சொன்னது. இப்போதைய டிஸ்க்குக்கு ஒரு முறை போதும். முடிந்ததும் ஃபோட்டோரெக்கை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு கோப்புகூட வரவில்லை.

எஸ்எஸ்டியில் இப்படி மேலெழுதுவது சரிப்பட்டு வராது. ஒரே செல்லில் திரும்பத் திரும்ப எழுதித் தேய்ந்துவிடாமல் இருக்க, எழுதுவதை அது வேறு வேறு இடங்களுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். வெளியே காட்டாத உபரி இடமும் உள்ளே உண்டு. அதனால் முழுவதையும் தொட்டுவிட்டோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. டிஸ்க்கையே தன்னை அழித்துக்கொள்ளச் சொல்லும் செக்யூர் எரேஸ் வசதிதான் சரி. எல்லா லேப்டாப்பின் பயாஸிலும் அது இருக்காது, இதில் இருந்தது. சில நொடிகளில் முடிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கோடு காத்துக் கிடந்தவனுக்கு நம்பவே முடியவில்லை.

இன்ஸ்டால் செய்தது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸின் லைசென்ஸ் கீயைக் கேட்கவில்லை. விண்டோஸோடு வந்த லேப்டாப்களில் அது மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருக்கும், எந்தப் பதிப்பு என்பதையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் திரையில் நிறுத்திக் கொடுத்துவிடலாம். ஆனால் கேமரா, ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? நம் பெயரில் ஒரு கணக்கு திறந்து பார்த்தால் திரும்பவும் அழிக்க வேண்டும். இதற்குத்தான் ஆடிட் மோட். அந்தத் திரையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் அமுக்கினால் கணக்கு எதுவும் இல்லாமல் நேராக டெஸ்க்டாப்புக்குப் போய்விடும். டிரைவர்களைப் பென்டிரைவிலிருந்தே போட்டேன். இணையம் தேவைப்பட்ட இடத்தில் போனை யுஎஸ்பியில் மாட்டிக்கொண்டேன். வைஃபையில் சேர்ந்தால் வீட்டுப் பாஸ்வேர்டு அதில் தங்கிவிடும்.

கீபோர்டைச் சோதிக்கத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையைச் சேர்த்து 'மட்டிப்பழம்' என்று அடித்தேன். 'மட்டிப்பம்' என்று வந்தது. தமிழ்99இல் ழ இருப்பது சாய்கோட்டு விசையில். ஆங்கிலத்தில் மட்டும் அடித்துப் பார்த்திருந்தால் அந்த விசை பக்கமே விரல் போயிருக்காது. விசையின் மூடியை மெல்லக் கழற்றினால் அடியில் ஏதோ பலகாரத் துணுக்கு. பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டினேன், ழ வந்துவிட்டது.

கடைசியில், ஆடிட் மோடிலிருந்து வெளியேற, திரையில் இருக்கும் சிஸ்ப்ரெப் பெட்டியில் முதல் அமைப்புத் திரையையும் ஷட்டவுனையும் தேர்ந்தெடுத்து ஓகே. 'ஜெனரலைஸ்' டிக் வேண்டாம். அது ஒரே இன்ஸ்டாலைப் பல மெஷின்களுக்குப் பிரதி எடுப்பவர்களுக்கு.

வாங்கியது குலசேகரத்திலிருந்து வந்த ஒரு அப்பாவும் கல்லூரிக்குப் போகும் மகளும். ரிப்போர்ட்டைக் காட்டியதும் அவர், "பேட்டரி மாத்தணும் போல, அதுக்கு ஆயிரத்தைந்நூறு குறைச்சுக்கிடுங்க சார்" என்றார். நியாயம்தான், குறைத்தேன். ஆஃபீஸ் போட்டுத் தருவீர்களா என்று மகள் கேட்டார். கிராக் போட மாட்டேன், லிப்ரே ஆஃபீஸ் இலவசம், கல்லூரியிலேயே மாணவர் கணக்கு தந்தாலும் தருவார்கள், கேட்டுப் பாருங்கள் என்றேன். இங்கேயே ஆன் செய்து அவர் பெயரிலேயே கணக்கு திறந்து, ஆக்டிவேட் ஆகியிருப்பதைக் காட்டித்தான் அனுப்பினேன்.

அன்று இரவே அத்தானை அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலைத் திறக்கச் சொல்லி இந்த லேப்டாப்பை நீக்க வைத்தேன். லைசென்ஸ் மதர்போர்டோடு போவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. பட்டியலில் இன்னொரு பழைய லேப்டாப்பும் இருந்தது. அது எங்கே என்று கேட்டேன். அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறதாம், அதையும் பார்க்க முடியுமா என்கிறார். அது 6ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏற்காது, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.