டீசல் வெளிய ஒழுகல, காத்து உள்ள போகுது

எங்கப்பா 1998-ல எடுத்த டாடா 407 லாரி தான் இன்னைக்கும் எங்க வீட்டுக்கு சோறு போடுது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி, முருங்கக்கா ஏத்திட்டு திண்டுக்கல், மதுரைன்னு வாரத்துக்கு நாலு நடை போவேன். போன ஐப்பசில ஆரம்பிச்சுது தொந்தரவு. நல்லா ஓடிட்டு இருக்கும்போதே இழுவை குறையும், ரெண்டு தடவ குலுங்கும், அப்படியே நின்னுரும். இறங்கி ஃபில்டர் மேல காத்து வெளியேத்த இருக்க ஏர் ஸ்க்ரூவ லூஸ் பண்ணிட்டு கைப்பம்ப அடிச்சா காத்து கலந்து நுரை நுரையா டீசல் வரும், நுரை நின்னு சுத்தமா வர வரைக்கும் அடிச்சுட்டு டைட் வச்சா திரும்ப ஒரு 20 கிலோமீட்டர் ஓடும். லோடு தக்காளியா இருந்தா ரோட்டோரம் நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் வயித்துல புளியக் கரைக்கும்.

பம்ப் சர்வீஸ் கடைல கேட்டா என்ஜினுக்கு டீசல அழுத்தி அனுப்புற மைக்கோ பம்ப கழட்டி, அதுக்குள்ள அழுத்தம் குடுக்குற எலிமெண்ட், டெலிவரி வால்வு எல்லாம் மாத்தணும், 22,000 ரூபாய் ஆகும்னாங்க. என் கையில இருந்தது மூவாயிரம், அதுலயும் டியூ கட்டணும்.

எங்க ஊர் பட்டறை அண்ணன் ஒருத்தர், 60 வயசு இருக்கும், அவர்கிட்ட போய் சொன்னேன். "தம்பி, நுரை எங்க வருது? ஃபில்டர்லயே வருதுல்ல? பம்ப் அதுக்கு அப்புறம்தான இருக்கு, அது எப்படிப்பா ஏர் விடும்?"னு கேட்டாரு. ரெண்டு வாரமா மண்டைய குடைஞ்சது அந்த ஒரு கேள்வில தெளிஞ்சுருச்சு. எலிமெண்ட் தேஞ்சா சூட்டுல ஸ்டார்ட் ஆகாது, இழுக்காது, ஆனா ஃபில்டர்ல நுரை வராது. டேங்க் டீசல இழுத்து ஃபில்டருக்குத் தள்ளுறது ஃபீட் பம்ப்ங்கிற சின்ன பம்ப். டேங்க்ல இருந்து அது வரைக்கும் டீசல உறிஞ்சுற பக்கம், அதுக்கு அப்புறம் எல்லாம் தள்ளுற பக்கம். தள்ளுற பக்கம் ஓட்டை இருந்தா டீசல் வெளிய ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுற பக்கம் ஓட்டை இருந்தா வண்டி ஓடும்போது ஒரு சொட்டு கூட வெளிய வராது, காத்து உள்ள போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவ வச்சு இளநி குடிக்கிற மாதிரிதான்.

முதல்ல காசு செலவில்லாத வேலைய பாத்தோம். டீசல் பைப்ப இணைக்கிற யூனியன் போல்ட்டுல இருக்க செம்பு வாஷர் எல்லாத்தையும் கழட்டி, சிவக்க சிவக்க காய்ச்சி தண்ணில போட்டாரு. பழசாகி இறுகிப்போன செம்பு அப்படி செஞ்சா திரும்ப மெத்துனு ஆயிரும், டைட் வச்சா நல்லா உக்காரும். விறைச்சுப் போயிருந்த ரப்பர் ஓஸ 180 ரூபாய்க்கு மாத்துனேன். நாலு நாள் ஓடுச்சு, அப்புறம் திரும்ப நின்னுச்சு.

அடுத்து கேன் வச்சுப் பாத்தோம். 10 லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி கேபின்ல உருளாம கட்டி, அதுல கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற ஒரு பிளாஸ்டிக் டியூப விட்டு நேரா ஃபீட் பம்புக்கு குடுத்தாரு, டேங்க் லைன் மொத்தமும் கட். காலி வண்டிய பழனி வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன், ஒரு குலுக்கல் இல்ல, டியூப்ல ஒரு குமிழி கூட இல்ல. அப்ப பம்பும் நல்லாருக்கு, ஃபில்டரும் நல்லாருக்கு, கோளாறு டேங்க் பக்கம்தான்னு முடிவாச்சு.

அப்பதான் எனக்கு உறைச்சுது, அந்த நாலு நாள் ஓடுனது ஓஸ் மாத்துனதால இல்ல. அன்னைக்கு மார்க்கெட்ல பழைய பாக்கி வந்துச்சுன்னு டேங்க நிரப்பிருந்தேன். மத்த நாளெல்லாம் ஆயிரம் ரூபாய்க்கு, ஐநூறு ரூபாய்க்குன்னு போடுறது, முள்ளு பாதிக்கு மேல ஏறுனதே கிடையாது. டேங்க் மேல இருக்க ஸ்க்ரூவக் கழட்டி உறிஞ்சு பைப்ப வெளிய எடுத்தோம், எடுத்து வெளிச்சத்துல காட்டுனா நடுப்பகுதில துரு தின்னு குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. டேங்க் நிறைஞ்சிருந்தா ஓட்டை டீசலுக்குள்ள முங்கிக் கிடக்கும், உறிஞ்சுறதும் டீசலத்தான் உறிஞ்சும். பாதிக்குக் கீழ இறங்குனா காத்து. எங்கிட்ட காசு இல்லாத நாள்லதான் அது நின்னுருக்கு, அத நினைச்சப்ப கண்ணு கலங்கிருச்சு.

பைப்ப மட்டும் தனியா எடுத்துட்டுப் போய் துருவ தேச்சுட்டு பித்தளை வச்சு ஊதி ஓட்டைய அடைச்சோம், 150 ரூபாய். (டேங்கோட சேத்து நெருப்பு காட்டிராதீங்க, காலி டேங்க்ல நிக்கிற ஆவி வெடிச்சா உயிருக்கே ஆபத்து.) டேங்க இறக்கி டீசல் விட்டு அலசுனதுல கால் டம்ளர் துருவும் தண்ணியும் வந்துச்சு, அதனால ஃபில்டர் ரெண்டையும் மாத்திட்டேன், கார்க் பேக்கிங்கும் புதுசு. அண்ணனுக்கு குடுத்த கூலி 600 சேத்து 1,500 ரூபாய் தாண்டல.

அந்த உள்ள தெரியுற டியூப் ஒரு சாண் நீளத்துக்கு ஃபீட் பம்புக்கு முன்னாடி இன்னும் அப்படியே இருக்கு, சூட்டுக்கு விறைக்கும்னு மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லிருக்காரு. காலைல செல்ஃப் அடிச்சதும் டார்ச் அடிச்சு அதத்தான் முதல்ல பாக்குறேன். என்ஜினுக்குள்ள டீசல பீச்சுற நாசில் நாலும் இனிமேதான் டெஸ்டுக்கு குடுக்கணும், தை மாசம் லோடு ஓடுனா பாத்துக்கலாம்.